சின்ன ஓட்டை, சின்ன வீக்கம்: மூளை அனியூரிசத்தை உடனே அடைத்துவிடத்தான் வேண்டுமா?

பிப்ரவரி 4, 2024, மாலை. தூத்துக்குடி வாசகி ஒருவரின் கேள்வி

அம்மாவுக்கு 61 வயது. பிரஷர் உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. சர்க்கரை இல்லை. தலைசுற்றல் என்று எம்ஆர்ஐ எடுத்ததில், வலது பக்கம் நடுமூளைத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் 4 மி.மீ. அனியூரிசம், அதாவது ரத்தக்குழாய் வீக்கம், என்று வந்திருக்கிறது. தலைசுற்றலுக்குக் காதுதான் காரணம் என்று இ.என்.டி. சொல்லி, அது சரியாகியும் விட்டது. ஆனால் மூளை டாக்டர், "மண்டையைத் திறக்கவே வேண்டாம், தொடையில் ஒரு சின்ன ஓட்டை, மூன்றாம் நாள் வீடு, அடைத்துவிட்டால் நிம்மதி" என்கிறார். இவ்வளவு சுலபமாக முடிகிற காரியத்தைத் தள்ளிப்போடுவது முட்டாள்தனம் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்பா மட்டும் வேண்டாம் என்கிறார். செய்துகொண்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பிப்ரவரி 4, இரவு

செய்துகொண்டவன் எழுதுகிறேன். நாகர்கோவில், வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. என்னுடையது 6 மி.மீ., இடது பக்கம், பின் இணைப்புத் தமனி கிளம்பும் மூலையில். பிளாட்டினம் சுருள் வைத்து அடைத்தார்கள், சுருள் நழுவாமல் இருக்க ஒரு ஸ்டென்ட்டும் வைத்தார்கள். என் அக்காவுக்கும் ஒன்று உண்டு, 3 மி.மீ. அதற்கு ஒன்றும் செய்யவில்லை. வருடம் ஒருமுறை படம் எடுத்துப் பார்த்துக்கொள்கிறோம். ஒரே வீட்டில் இரண்டு முடிவு, இரண்டையும் சொன்னது ஒரே டாக்டர்.

ஓட்டை சின்னது என்பது உண்மை. என் தொடையில் இப்போது தேடினாலும் தழும்பு கிடைக்காது. ஆனால் அந்த ஓட்டை வழியாகப் போகிற கம்பி போய் நிற்கிற இடம் மூளை. ரிஸ்க் இருப்பதும் அங்கேதான். அப்பா வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்கிறார் என்று கேட்டீர்களா?

பிப்ரவரி 5, காலை

நேற்று தூக்கக் கலக்கத்தில் சுருக்கமாக முடித்துவிட்டேன். இன்று கணக்கு.

முதலில் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்கலாம். பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் 3 பேருக்கு இப்படி ஏதாவது ஒரு வீக்கம் மூளை ரத்தக்குழாயில் இருக்கிறது. பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு இடம் மட்டும் மெலிந்து புடைத்துக்கொண்டு நிற்குமே, அதேதான். பெரும்பாலோர் அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து, வேறு காரணத்தால் போய்ச் சேர்கிறார்கள். இப்போது எதற்கெடுத்தாலும் எம்ஆர்ஐ எடுப்பதால் கண்ணில் படுகிறது.

அமெரிக்கா, கனடா, ஐரோப்பா சேர்ந்த பெரிய ஆய்வு 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. முன்பக்க ரத்தக்குழாய்களில் 7 மி.மீ.க்குக் கீழே இருந்து, அதுவரை மூளையில் ரத்தக்கசிவே வராதவர்களில் ஐந்து வருடத்தில் வெடித்தது பூஜ்யம். அதே அளவு, ஆனால் பின்பக்கக் குழாய்களிலோ பின் இணைப்புத் தமனியிலோ இருந்தால் 2.5 சதவீதம்.

ஜப்பான்காரர்கள் 5,720 பேரைப் பின்தொடர்ந்து 2012இல் வெளியிட்டார்கள். அதில் 3-4 மி.மீ. வீக்கம் வெடித்தது வருடத்துக்கு 0.36 சதவீதம். 5-6 மி.மீ. என்றால் 0.50. அதற்குமேல் 7-9 மி.மீ.க்கு ஒரே தாவலில் 1.69.

இப்போது மறுபக்கம். வெடிக்காத வீக்கத்துக்கு முன்கூட்டியே சிகிச்சை செய்த நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி 2019இல் ஒரு தொகுப்பு வந்தது. ரத்தக்குழாய் வழியாகச் செய்ததில் சிக்கல் வந்தவர்கள் சுமார் 5 சதவீதம், இறந்தவர்கள் 0.3 சதவீதம். மண்டையைத் திறந்து வீக்கத்தின் கழுத்தை இறுக்கிக் கிளிப் போட்டதில் சிக்கல் சுமார் 8 சதவீதம், இறப்பு 0.1.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிற ஆபத்து. இன்னொரு பக்கம் ஒரே நாள் காலையில் மொத்தமாகத் தலையில் ஏற்றிக்கொள்கிற ஆபத்து. 35 வயதுக்காரருக்கும் 75 வயதுக்காரருக்கும் இந்தக் கணக்கு ஒன்றாக வராது. முன்னவருக்கு இன்னும் நாற்பது வருடம் ஓட வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 5, மதியம்

"பூஜ்யம் என்றால் வெடிக்கவே வெடிக்காதா?" என்று கேட்ட தம்பிக்கு: அந்த ஆய்வில் அந்தக் கூட்டத்தில் வெடிக்கவில்லை, அவ்வளவுதான். அதற்குத்தான் ஜப்பான் கணக்கையும் பக்கத்திலேயே வைத்தேன். ஜப்பானியருக்கும் ஃபின்லாந்துக்காரருக்கும் மற்றவர்களைவிட அதிகமாக வெடிக்கிறது என்பதும் உண்மை. ஆகவே அந்த எண்ணை அப்படியே நமக்கு எடுத்துக்கொள்ளவும் முடியாது.

பிப்ரவரி 6

மாமனாருக்கு 4 மி.மீ.தான் இருந்தது, அதுவே வெடித்துவிட்டது, சின்னது பத்திரம் என்று சொல்லாதீர்கள் என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். கோபம் நியாயமானது. வெடித்துவிட்டால் நிலைமை மோசம். சுமார் மூன்றில் ஒருவர் பிழைப்பதில்லை, பிழைத்தவர்களிலும் பலர் பழைய ஆளாக எழுந்து வருவதில்லை. என் அப்பா அப்படித்தான் போனார். கடையில் தராசுக்கு முன்னால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

வெடித்து ஆஸ்பத்திரிக்கு வருகிற வீக்கங்களில் பெரும்பாலானவை சின்னவைதான். சுருளா கிளிப்பா என்று ஒப்பிட்ட பிரிட்டிஷ் ஆய்வு 2002இல் வந்தது, வெடித்து வந்த 2,143 பேர். அதில் பத்தில் ஒன்பதுக்கு மேல் 10 மி.மீ.க்குள் அடங்கியவை. அப்படியானால் சின்னது பத்திரம் என்பது பொய்யா? இல்லை. சின்ன வீக்கங்கள் ஊரில் ஏராளம், பெரியவை குறைவு. ஏராளமாக இருப்பதில் ஒரு துளி வெடித்தாலும் ஆஸ்பத்திரி வாசலில் அதுதான் கூட்டமாகத் தெரியும். வார்டில் நின்று பார்க்கிற டாக்டருக்குத் தெரிகிற படம் ஒன்று, தெருவில் நடமாடுகிற நமக்குள்ள படம் வேறு. டாக்டர்கள் பலர் உடனே செய் என்று சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். வெடிக்காதவரை அவர்கள் வார்டில் பார்ப்பதே இல்லையே.

பிப்ரவரி 8

எப்படிச் செய்வார்கள், வலிக்குமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஆஞ்சியோ, அதாவது ரத்தக்குழாய்க்குள் சாய மருந்தைச் செலுத்தி எடுக்கிற எக்ஸ்ரே படம். சிகிச்சைக்கு முன்னால் வீக்கத்தின் உருவத்தைச் சரியாகப் பார்க்க இதை எடுப்பார்கள். எனக்கு மணிக்கட்டு வழியாக எடுத்தார்கள், மயக்க மருந்து கிடையாது. மேஜை ஒடுக்கமானது, கைகளை உடம்போடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். தலையின் இரண்டு பக்கமும் பஞ்சுத் திண்டு, நெற்றிக்குக் குறுக்கே அகலமான பிளாஸ்திரி. ஒரு எக்ஸ்ரே கருவி முகத்துக்கு நேரே இறங்கி நிற்கும், இன்னொன்று காதோரம் வந்து நிற்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மைக்கில் ஒரு பெண் குரல்: "மூச்சை இழுத்துப் பிடிங்க, எச்சில் முழுங்காதீங்க, அசையாதீங்க." எச்சில் விழுங்காதே என்றால் அப்போதுதான் வாயெல்லாம் எச்சில் ஊறும். அடுத்த நொடி கண்ணுக்குப் பின்னால் சூடு. கன்னத்தில் இறங்கி, மேல்வரிசைப் பல் வரைக்கும் வந்து, நிமிட நேரத்துக்குள் அடங்கிவிடும். மருந்து பாயும்போது மூடிய கண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாகப் பளிச்சிட்டது. வலி என்று சொல்ல மாட்டேன். இப்படியே வேறு வேறு கோணத்தில் எடுப்பார்கள். முடிந்ததும் மணிக்கட்டில் காற்றடைத்த பட்டை ஒன்றைக் கட்டி, மணிக்கொரு தரம் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இறக்கினார்கள்.

சிகிச்சை அன்று முழு மயக்கம், அதனால் நான் பார்த்தது கூரை விளக்கு மட்டும். மற்றதெல்லாம் பிறகு டாக்டர் திரையில் ஓட்டிக் காட்டிச் சொன்னது. தொடைத் தமனியில் ஒரு குழல், அதற்குள் இன்னொரு குழல், அதற்குள் ஒரு மி.மீ.கூடத் தடிமன் இல்லாத நுண்குழல். அந்த நுண்குழலின் நுனி வீக்கத்தின் வாய்க்குள் நுழைந்து நிற்க வேண்டும். பிறகு தலைமுடி கனத்தில் பிளாட்டினச் சுருளை உள்ளே தள்ளுவார்கள். அது தானே வளைந்து பந்தாகிக்கொள்ளும். இடம் சரியாக இருந்தால் சிறு மின்சாரத்தைச் செலுத்தி, தள்ளிய கம்பியிலிருந்து சுருளை விடுவிப்பார்கள். சரியில்லை என்றால் விடுவிப்பதற்கு முன்பு திரும்ப இழுத்துக்கொள்ளலாம். வெளியே எடுக்க முடிகிற அந்த வசதிதான் இந்த முறையின் உயிர்.

இங்கேதான் சின்ன வீக்கத்தின் தொல்லை. தொடையிலிருந்து மூளை வரை குழல் எத்தனையோ வளைவு திரும்பிப் போகிறது. கீழே தள்ளுகிற தள்ளல் உடனே மேலே போய்ச் சேராது, வளைவுகளில் தேங்கி நிற்கும். சில சமயம் தேங்கியது ஒரேயடியாக விடுபட்டு நுனி சட்டென முன்னால் குதிக்கும். 8 மி.மீ. வீக்கத்தில் அந்தக் குதிப்புக்கு இடம் இருக்கிறது. 3 மி.மீ. வீக்கத்தில் எதிர்ச்சுவர் அங்கேயே நிற்கிறது. சுவரோ மெல்லியது. சிகிச்சையின் போதே வீக்கம் கிழிவது மிகச் சிறியவற்றில் அதிகம் என்பதற்கு இதுதான் காரணம். "சின்னதுதானே, சுலபமாக முடிந்துவிடும்" என்பது இந்த ஒரு விஷயத்தில் தலைகீழ்.

இதோடு இன்னொரு இழுபறி. குழலில் ரத்தம் உறைந்து மூளைக்குள் போய்விடக் கூடாது என்று சிகிச்சை நேரத்தில் ஹெப்பாரின் கொடுத்து ரத்தத்தை இளக்கி வைக்கிறார்கள். அந்த நேரத்தில் வீக்கம் கிழிந்தால் ரத்தம் நிற்காது. உடனே மாற்று மருந்து கொடுத்து இளக்கத்தைத் திருப்புவார்கள், அவசரமாகச் சுருளைத் தொடர்ந்து அடைப்பார்கள். பெரும்பாலும் சமாளித்துவிடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 9, காலை

உங்கள் அம்மா விஷயத்துக்குத் திரும்புகிறேன். நடுமூளைத் தமனி பிரியும் இடம் என்றீர்கள். அந்த இடத்து வீக்கங்களுக்கு வாய் அகலமாக இருக்கும். கிளைகள் வீக்கத்தின் கழுத்திலிருந்தே கிளம்பியிருக்கும். சுருளை மட்டும் வைத்தால் வெளியே வழிந்து கிளையை அடைத்துவிடலாம். அதனால் ஸ்டென்ட் துணை வேண்டியிருக்கலாம், அல்லது வெப் என்கிற கம்பிவலைக் கூண்டு. கூண்டை வீக்கத்துக்குள்ளேயே விரித்து விட்டுவிடுவது. இப்படிப் பிரியும் இடத்து அகல வாய் வீக்கங்களுக்காகவே அமெரிக்காவில் அதற்கு அனுமதி வந்தது. ரத்தக்குழாய்க்குள் உலோகம் இல்லாததால் மாத்திரைத் தொல்லை குறைவு. ஆனால் அங்கே 150 பேருக்கு வைத்துப் பார்த்த ஆய்வில், ஒரு வருடம் கழித்து முழுசாக மூடியிருந்தது பாதியைச் சற்றே தாண்டிய அளவு. கழுத்தில் மட்டும் கொஞ்சம் மிச்சம் நின்றவற்றையும் சேர்த்தால் நூற்றுக்கு 85 அளவுக்கு வரும்.

ஃப்ளோ டைவர்ட்டர் என்று ஒன்று, நெருக்கமாகப் பின்னிய வலைக்குழாய். அதை வீக்கத்துக்குள் வைக்காமல் தாய்க் குழாயில் வீக்கத்தின் வாய்க்குக் குறுக்கே விரிப்பார்கள். ரத்தம் நேரே ஓடிவிடும், வீக்கத்துக்குள் சுழல்வது குறைந்து, மாதக்கணக்கில் மெல்ல உறைந்து மூடும். 2011இல் பெரிய வீக்கங்களுக்காக அமெரிக்க அனுமதி பெற்ற இந்தப் பைப்லைன் கருவிக்கு, 2019இல் சின்ன, நடுத்தர வீக்கங்களுக்கும் அனுமதி நீண்டது. அதற்கு அடிப்படையான ஆய்வில் 12 மி.மீ.க்குட்பட்ட வீக்கம் உள்ள 141 பேர். ஒரு வருடத்தில் முழுதாக மூடியது சுமார் 77 சதவீதம், பெரிய பக்கவாதம் அல்லது அதனால் மரணம் 2.1 சதவீதம். நல்ல எண்கள்தான். ஆனால் நுண்குழலை வீக்கத்துக்குள் நுழைக்கத் தேவையில்லை என்பது அதன் பலம் என்றாலும், அது பொருந்துவது பெரும்பாலும் கழுத்துத் தமனியின் மேல்பகுதியில்தான். கிளை பிரிகிற உங்கள் இடத்துக்கு அவ்வளவு பொருந்தாது.

கிளிப் பழைய காலத்து வைத்தியம் என்று இங்கே ஒருவர் எழுதியதை மறுக்கிறேன். நடுமூளைத் தமனியின் இந்தக் கிளை மூளையின் மடிப்பில் அதிகம் ஆழமில்லாமல் இருக்கிறது, கை தேர்ந்த சர்ஜன் போட்ட கிளிப் அனேகமாக ஆயுளுக்கும் நிற்கும். சுருள் வைத்தவற்றில் சுமார் ஐந்தில் ஒன்று பிறகு கொஞ்சம் திறந்துகொள்கிறது, பத்தில் ஒன்றுக்கு மறுபடி சிகிச்சை. மண்டையைத் திறப்பது என்றதும் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது, அதனால் அந்தப் பக்கத்துக் கேள்வியைக் கேட்காமலேயே விட்டுவிடுகிறோம். கிளிப்பும் செய்கிற, சுருளும் வைக்கிற இடத்தில் ஒரு தரம் காட்டுங்கள். ஒன்று மட்டும் தெரிந்தவரிடம் கேட்டால் அந்த ஒன்றுதான் பதிலாக வரும்.

பிப்ரவரி 9, இரவு

என் மாமியார் கேட்டது: "மாப்பிள்ளை தலையில பிளாட்டினம் வச்சிருக்காங்களாமே, பவுன் கணக்கில எவ்வளவு வரும்?" பயப்படாதீர்கள் அத்தை, அடகுக்கடைக்காரர் என்னைத் தராசில் உட்கார வைத்தாலும் தேறாது. விமான நிலைய வாசலிலும் அது சத்தம் போடாது. எம்ஆர்ஐ எடுக்கலாம், ஆனால் என்ன கருவி வைத்தார்கள் என்று ஆஸ்பத்திரி கொடுத்த அட்டையைக் காட்டித்தான் எடுப்பார்கள். அட்டையை லேமினேட் செய்து பர்ஸில் வையுங்கள்.

பிப்ரவரி 12

மாத்திரை பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் செய்துகொள்வதற்கு முன் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

ஸ்டென்ட் அல்லது ஃப்ளோ டைவர்ட்டர் வைத்தால் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்த்து மாதக்கணக்கில், அதன் பிறகு ஆஸ்பிரின் மட்டும் நீண்ட காலம். ரத்தம் இளகி இருக்கும். ஷேவ் செய்யும்போது ஒரு கீறல் பட்டால் துண்டில் கறை காயவே காயாது. பல் தேய்த்தால் நுரை இளஞ்சிவப்பு. மேஜை முனையில் லேசாக இடித்தால் முழங்காலுக்குக் கீழே கருநீலமாகப் படம் வரையும், பத்து நாள் இருக்கும். அந்தக் காலத்தில் பல் பிடுங்க வேண்டியிருந்தது. பல் டாக்டர் கை வைக்க மறுத்து, மூளை டாக்டரைக் கேட்டு வரச் சொன்னார். அவரோ, மாத்திரையை நிறுத்தவே கூடாது, பல் காத்திருக்கட்டும் என்றார். அதுதான் சரி. திடீரென்று நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம்.

இன்னொன்று, குளோபிடோக்ரல் எல்லார் உடம்பிலும் வேலை செய்வதில்லை. கல்லீரல் அதை மாற்றிக் கொடுத்தால்தான் மருந்தாகிறது. பிறவியிலேயே அந்த மாற்றம் மந்தமாக நடப்பவர்கள் தெற்காசியரில் கணிசம். சிகிச்சைக்கு முன்பே ரத்தப் பரிசோதனையில் மருந்து பிடிக்கிறதா என்று பார்த்து, பிடிக்காவிட்டால் வேறு மாத்திரைக்கு மாற்றுவார்கள். உங்கள் அம்மாவுக்கு ஸ்டென்ட் பேச்சு வந்தால் இதை வாய்விட்டுக் கேளுங்கள். வயிற்றுப்புண், மூல நோய் இருந்தால் அதையும் சொல்லுங்கள். மூளை டாக்டரிடம் மூலத்தைப் பற்றி என்ன பேச்சு என்று கூச்சப்பட வேண்டாம்.

பிப்ரவரி 15

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்பவர்களுக்குப் பெயர் சொல்ல மாட்டேன். முதலில் போன இடத்துக் கதையை மட்டும் சொல்கிறேன்.

ரிப்போர்ட்டை மேஜையில் வைத்ததும் அங்கிருந்தவர் என்னைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தார். "இவர் தலையில டைம் பாம் இருக்கும்மா" என்றார். இன்றே சேர்ந்துவிடுங்கள், நாளை காலை செய்துவிடலாம் என்று பேக்கேஜ் பேச இன்னொருவரிடம் அனுப்பினார். அந்த மனிதர் கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினார். அப்பா போன விதம் எனக்குள் இருந்ததால் நான் சரி என்று சொல்லத் தயாராக இருந்தேன். மனைவிதான், பெரியவனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறோம் என்று கையைப் பிடித்து எழுப்பினாள். பெரியவன் ஒன்றும் டாக்டர் இல்லை, பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான்.

தலைவலியோ நரம்புக் கோளாறோ இல்லாமல் தற்செயலாகக் கண்டுபிடித்த வீக்கத்துக்கு நாளைக் காலையே என்ற அவசரம் அனேகமாகக் கிடையாது. அவசரம் எது தெரியுமா? வாழ்நாளில் வராத அளவுக்குத் திடீரென வெட்டும் தலைவலி, அதோடு வாந்தி, கழுத்துப் பிடிப்பு, மயக்கம். அல்லது ஒரு பக்க இமை இறங்கி, அந்தக் கண்ணின் பாப்பா விரிந்து போவது. என் வீக்கம் இருந்த மூலைக்குப் பக்கத்தில்தான் கண்ணை அசைக்கிற மூன்றாம் நரம்பு போகிறது. வீக்கம் பெருத்து நரம்பை நெருக்கினால் இமை இறங்கும். அப்போது ஒரு நிமிடம் தாமதிக்கக் கூடாது. மற்றபடி இரண்டாவது கருத்துக் கேட்க வாரங்கள் இருக்கின்றன.

பிப்ரவரி 18

ஒரு வாரமாகப் படித்ததில் என் பிப்ரவரி 5 குறிப்பு கொஞ்சம் மிடுக்காகப் படுகிறது. எண்கள் சரி. ஆனால் அந்த எண்கள் யாருடையவை? டாக்டர்களுக்கு ஆபத்தாகத் தெரிந்தவர்களுக்குச் சிகிச்சை செய்துவிட்டார்கள், மீதிப் பேரைத்தான் கடைசிவரை பின்தொடர்ந்தார்கள். ஜப்பான் ஆய்வில்கூட ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நடுவிலேயே சிகிச்சை நடந்தது. ஆகவே வெடித்த எண் கொஞ்சம் குறைத்தே காட்டும். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்குச் சிகிச்சை, பாதிப் பேருக்குக் காத்திருப்பு என்று நேருக்கு நேர் வைத்துப் பார்க்க மான்ட்ரியலைத் தலைமையிடமாக வைத்து ஒரு முயற்சி நடந்தது. போதிய ஆட்கள் சேராமல் 2009இல் நிறுத்திவிட்டார்கள். தலையில் இருப்பதை வைத்துக் குலுக்கிப் பார்க்க யார் சம்மதிப்பார்கள்? நானாக இருந்தாலும் சம்மதித்திருக்க மாட்டேன்.

டாக்டர்கள் ஃபேசஸ் என்று ஒரு மதிப்பெண் பார்க்கிறார்கள். எந்த இனம், ரத்த அழுத்தம், வயது, அளவு, முன்பு ரத்தக்கசிவு உண்டா, எந்த இடம், இவ்வளவும் கூட்டி ஐந்து வருட ஆபத்து. உங்கள் அம்மாவுக்கு இடத்துக்கு 2, பிரஷருக்கு 1, மொத்தம் 3. ஐந்து வருடத்துக்கு 0.7 சதவீதம். எனக்குப் பின் இணைப்புத் தமனி என்பதால் 4, பிரஷருக்கு 1, ஆக 5. அது 1.3 சதவீதம். அக்காவுடையது கழுத்துத் தமனியின் மேலேயே இருப்பதால் பூஜ்யம் மதிப்பெண், 0.4 சதவீதம். இந்தியர்கள் அந்தக் கணக்கில் இல்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

மதிப்பெண் எல்லாவற்றையும் அள்ளுவதில்லை. என் வீக்கத்தின் தோளில் இன்னொரு சின்னக் குட்டிப் புடைப்பு இருந்தது. அது இருந்தால் ஆபத்து ஒன்றரை மடங்குக்கு மேல் என்பது ஜப்பான் கணக்கு. அந்தக் கணக்கிலேயே 5-6 மி.மீ. அளவில் என் இடத்துக்கு வருடத்துக்கு 1 சதவீதம். உங்கள் அம்மாவின் அளவில், அவர் இடத்துக்கு 0.23. சிகரெட் மதிப்பெண்ணில் இல்லை. நான் அப்போது குடித்துக்கொண்டிருந்தேன். குடும்பத்தில் இரண்டு பேருக்கு இருப்பதும் மதிப்பெண்ணில் இல்லை. இதையெல்லாம் டாக்டர் எடுத்துச் சொன்னபோது எனக்குச் செய்வது நியாயமாகத்தான் பட்டது, இன்றும் படுகிறது. ஆனால் நான் கையெழுத்துப் போட்டதற்குக் காரணம் 1 சதவீதமா, தராசுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அப்பாவா என்று கேட்டால், அப்பாதான். அக்கா அதே அப்பாவின் மகள்தானே. "எனக்கு இது தூக்கத்தைக் கெடுக்கல, உனக்குக் கெடுக்குது, நீ செஞ்சுக்கோ" என்றாள்.

பிப்ரவரி 19

நேற்று ராத்திரி வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. கிளிப்பை முதலில் போட்டவர் வால்டர் டேண்டி, 1937, ஜான்ஸ் ஹாப்கின்ஸ். நோயாளிக்கு இருந்தது இமை இறங்கிய கண்! வெள்ளிக் கிளிப். அதற்குப் பத்து வருடம் முன்னால் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் மூளை ஆஞ்சியோவைத் தொடங்கியிருந்தார். ரத்தக்குழாய் வழியாகப் பலூனை அனுப்பி விடுவிப்பதை மாஸ்கோவில் செர்பினென்கோ செய்து 1974இல் உலகுக்குச் சொன்னார். மே தின விழாவில் குழந்தைகள் நூலைப் பிடித்துப் பலூனை ஆட்டியதைப் பார்த்து யோசனை வந்ததாகக் கதை. மின்சாரத்தில் கழன்று விழும் பிளாட்டினச் சுருள் இத்தாலிக்காரர் குலியெல்மியுடையது, லாஸ் ஏஞ்சல்ஸில் 1990இல் முதல் நோயாளி. பலூன் இறுகி நின்று சுவரை அழுத்தியது, சுருள் மெத்தென்று இருந்தது, அதனால் பலூன் ஓரம் கட்டப்பட்டது. சரி, விட்டுவிடுகிறேன்.

மார்ச் 2

செலவு. நேராகச் சொல்கிறேன்: பெருஞ்செலவு டாக்டருக்கோ படுக்கைக்கோ இல்லை, உள்ளே வைக்கிற சாமானுக்கு. சுருள் எத்தனை போகும் என்று முன்கூட்டித் தெரியாது, ஒவ்வொன்றும் தனி விலை. வெளிநாட்டு ஃப்ளோ டைவர்ட்டர் ஒன்றே 7-8 லட்சம் என்று 2020இல் அரசு அறிவிப்பிலேயே வந்தது. முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம்தான் உச்சவரம்பு என்பதை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எங்கள் பக்கத்தில் பலர் மூளைக்கும் இதயத்துக்கும் திருவனந்தபுரம் ஸ்ரீசித்ராவுக்கு ஓடுவது வழக்கம். அந்த ஸ்ரீசித்ராவே பெங்களூர் தேசிய வான்வெளி ஆய்வகத்தோடு சேர்ந்து நிட்டினால் உலோகத்தில் ஒரு ஃப்ளோ டைவர்ட்டரை உருவாக்கி, 2020இல் தயாரிப்பு உரிமையைப் புனே கம்பெனி ஒன்றுக்குக் கொடுத்தது. அப்போது விலங்குச் சோதனையும் மனிதச் சோதனையும் அதற்குப் பாக்கி இருந்தன. உள்ளூர்ச் சாமான் வந்தால் விலை இறங்கும். இறங்கினால் வேண்டாதவருக்கும் வைப்பார்களே என்கிற பயமும் எனக்கு உண்டு. இதயத்து ஸ்டென்ட்டைப் பற்றி இந்த ஊரில் எத்தனை புலம்பல் கேட்டிருக்கிறோம்.

மார்ச் 10

தூத்துக்குடியிலிருந்து பதில் வந்திருக்கிறது. வேறு ஊரில் காட்டினார்களாம். சர்ஜனும் ரத்தக்குழாய் டாக்டரும் ஒரே அறையில் உட்கார்ந்து படம் பார்த்தார்களாம். வீக்கம் உருண்டையாக இருக்கிறது, குட்டிப் புடைப்பு இல்லை, ஆறு மாதத்தில் ஒரு படம், பிறகு வருடம் ஒன்று, பிரஷரை 130க்குக் கீழே வையுங்கள் என்று அனுப்பிவிட்டார்களாம். வளர்ந்தால் பேசலாம் என்றார்களாம். அம்மாவுக்கு நிம்மதி. மகளுக்குத்தான் இல்லை. சும்மா இருப்பது ஒரு வைத்தியமா என்று கேட்கிறார்.

பிரஷர் பார்ப்பதும் படம் எடுப்பதும் சும்மா இருப்பதில் சேராது. வீக்கம் 1 மி.மீ. வளர்ந்தாலே கணக்கு மாறிவிடும், அப்போது செய்வதற்குத் தயங்கவும் கூடாது. அதுவரை அம்மாவைக் குனியாதே, தும்மாதே, குடம் தூக்காதே என்று ஆட்டிப்படைக்காதீர்கள். அக்காவை நாங்கள் அப்படி ஆட்டியதில் ஒருநாள் அரிவாள்மனையைக் காட்டி, "இன்னொரு தடவை சொன்னா உன் தலையில இருக்கிறதை நான் எடுத்துருவேன்" என்றாள். மலச்சிக்கல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வீட்டில் யாராவது சிகரெட் குடித்தால் வெளியே அனுப்புங்கள், பிரஷர் மாத்திரையை ஒருநாளும் விடாதீர்கள்.

உங்கள் அப்பா ஏன் வேண்டாம் என்றார் என்பதை இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 11

சொல்லிவிட்டார். "நல்லா இருக்கிறவளை ஏன் படுக்கப் போடணும்" என்றாராம். இந்த முறை கணக்கும் அவர் பக்கம் இருந்தது. அதே வாக்கியத்தை என் விஷயத்தில் சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேன், கேட்டிருக்கவும் கூடாது.

ஒரு நடைமுறை விஷயம். ஆறு மாதம் கழித்து எடுக்கிற படத்தை அதே சென்டரில், அதே மெஷினில், அதே முறையில் எடுங்கள். மெஷின் மாறினால் 4 என்பது 4.6 ஆகத் தெரிந்து வீடே கதிகலங்கும். கையில் கொடுக்கிற பிலிம் போதாது. முழுப் படங்களையும் பென் டிரைவில் வாங்கி, தேதி எழுதி வையுங்கள். ரிப்போர்ட்டில் அளவு மட்டும் எழுதியிருந்தால், போன தடவைப் படத்தோடு ஒப்பிட்டு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், முணுமுணுத்தாலும் எழுதித் தருவார்கள்.